வண்டி ஓட்டுவதை எப்போது விடுவது? பெரியவர்களும் பிள்ளைகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருச்சி உறையூரில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறேன். ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். ஆனால் கொஞ்ச வருஷமாக, ஓட்டுவதை எப்படி விடுவது என்று கேட்பவர்களும் நிறைய வருகிறார்கள். லைசென்ஸ் புதுப்பிக்க வரும் பெரியவர்கள் ஒரு பக்கம், வெளியூரிலிருந்து போன் போடும் பிள்ளைகள் இன்னொரு பக்கம். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

சட்டப்படி எத்தனை வயசு வரைக்கும் வண்டி ஓட்டலாம்?

மேல் வரம்பு கிடையாது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் எந்த வயதில் தொடங்கலாம் என்று சொல்கிறது, எந்த வயதில் முடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. உடம்பும் கண்ணும் சரியாக இருந்தால் தொண்ணூறிலும் ஓட்டலாம்.

சட்டம் கட்டுப்படுத்துவது லைசென்ஸ் செல்லும் காலத்தை. 2019 திருத்தத்துக்குப் பிறகு, 30 முதல் 50 வயதுக்குள் வாங்கினால் 10 வருஷம் செல்லும். 50-க்கு மேல், 55-க்குள் என்றால் 60 வயது ஆகும்வரை. 55-ஐத் தாண்டிவிட்டால் ஒவ்வொரு முறையும் 5 வருஷம்தான். ஆக, பெரியவர்கள் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறையாவது இதை யோசித்தே ஆக வேண்டியிருக்கிறது.

லைசென்ஸ் இன்னும் மூணு வருஷம் இருக்கே. அதுவரைக்கும் ஓட்டலாம்தானே?

லைசென்ஸில் இருக்கும் தேதி அரசாங்கத்தின் கணக்கு. உங்கள் கண்ணும் காலும் அந்தக் காலண்டரைப் பார்ப்பதில்லை. புதுப்பிக்கும்போது படிவம் 1ஏ என்ற மருத்துவச் சான்றிதழ் கேட்கிறார்கள். பார்வை, சிவப்பு பச்சை நிறம் தெரிகிறதா, மாலைக்கண், காது என்று நல்ல கேள்விகள்தான் அதில் இருக்கின்றன. ஆனால் வந்தவரின் முகத்தைக்கூடப் பார்க்காமல் டாக்டர் கையெழுத்துப் போட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அந்தச் சான்றிதழை நம்பி வண்டியை எடுக்காதீர்கள்.

அதே படிவத்தில் இருக்கும் ஒரு சோதனையை நீங்களே செய்துகொள்ளலாம். நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க வேண்டும். சாதாரண நடையில் சுமார் முப்பத்தைந்து எட்டு. வழக்கமாகப் போடும் கண்ணாடியோடு நின்று படியுங்கள். திணறினால் மூன்று வருஷம் காத்திருக்காமல் அந்த வாரமே கண் டாக்டரிடம் போங்கள்.

லைசென்ஸ் முடிஞ்சு எட்டு மாசம் ஆச்சு. புதுப்பிக்கணுமா, இப்படியே விட்டுடலாமா?

முடிவதற்கு ஒரு வருஷம் முன்பிலிருந்து, முடிந்த பின் ஒரு வருஷம் வரை புதுப்பிக்கலாம். அதைத் தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். எழுபது வயதில் ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டுப் போடுவதை நினைத்துப் பாருங்கள். ஆக, உங்களுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.

ஆனால் அந்த ஒரு வருஷம் புதுப்பிப்பதற்கான அவகாசமே தவிர, ஓட்டுவதற்கானது இல்லை. காலாவதியான மறுநாளே நீங்கள் லைசென்ஸ் இல்லாதவர். போலீஸ் பிடித்தால் 5,000 ரூபாய் அபராதம். அதுகூடப் பரவாயில்லை, விபத்து நடந்தால் உங்கள் வண்டிக்கான இன்சூரன்ஸ் பணம் வராது. அடிபட்டவருக்குக் கொடுத்த தொகையையும் கம்பெனி உங்களிடமே திருப்பி வசூலிக்கப் பார்க்கும். இந்த எட்டு மாதத்தில் வண்டியைத் தொடாமலே காலம் ஓடியிருந்தால், நீங்கள் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டீர்கள். பேசாமல் விட்டுவிடலாம்.

நிறுத்த வேண்டிய நேரம் வந்துடுச்சுன்னு எப்படித் தெரியும்?

வீட்டு கேட்டைப் பாருங்கள். நான் கிண்டலாகச் சொல்லவில்லை. கேட் தூணிலும் காரின் இடது ஓரத்திலும் ஒரே உயரத்தில் கோடு இருந்தால், அவர் இருபது வருஷமாக நுழைந்த வாசலின் அகலம் இப்போது அவருக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். ஒரு கோடு யாருக்கும் விழும். மூன்று மாதத்தில் மூன்று என்றால் பேச வேண்டும்.

பெரியவர்கள் என்னிடம் வந்தால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து உறையூர்த் தெருக்களில் அரை மணி நேரம் ஓட்டச் சொல்வேன். கியர் எப்படிப் போடுகிறார் என்று பார்ப்பதில்லை, அது கைக்குப் பழகியது, கடைசிவரை போகாது. சிக்னல் இல்லாத முனையில் வலது பக்கம் திரும்பும்போதுதான் கவனிப்பேன். எதிரே வரும் வண்டியின் வேகத்தைக் கணக்குப் போட்டு, குறுக்கே நடப்பவரையும் பார்த்து, ஒரு நொடியில் முடிவெடுக்க வேண்டிய இடம் அது. சிலர் போகலாம் என்றபோது நிற்பார்கள், நிற்க வேண்டியபோது போவார்கள். கழுத்துத் தேய்மானம் இருப்பவர் திரும்பிப் பார்க்காமல் கண்ணாடியை மட்டும் பார்ப்பார். தெரிந்த வழியில் "இங்க லெஃப்டா, ரைட்டா?" என்று கேட்டால் நான் வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிடுவேன். பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதிப்பது ஒரே ஒரு முறை நடந்திருந்தாலும் அன்றைக்கே நிறுத்திவிட வேண்டும். அதற்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

இன்னொரு அடையாளம், பின்னால் உட்கார்ந்து வருபவர். என் அப்பா ஸ்ரீரங்கத்தில் 79 வயது வரை ஸ்கூட்டர் ஓட்டினார். கடைசி ஒரு மாதம் அம்மா கோயிலிலிருந்து வரும்போது, "கால் மரத்துப்போகுது, நான் நடந்தே வர்றேன்" என்று தெரு முனையிலேயே இறங்கிக்கொண்டார். மூட்டு வலிக்காரர் நடந்து வருகிறாரே என்று எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. பயம் என்று பிறகுதான் சொன்னார்.

ராத்திரி மட்டும் ஓட்டாம இருந்தா போதாதா?

பல பேருக்குச் சில வருஷங்களுக்குப் போதும். இருபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போகும் வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக்காரருக்குப் போய்ச் சேருகிறது. எதிரே ஹைபீம் அடித்துக்கொண்டு ஒரு பஸ் வந்தால் கண் தெளியவும் அதிக நேரமாகும். அதனால் இருட்டை முதலில் விடுவது சரியான வரிசைதான்.

நல்லபடியாக நிறுத்தியவர்கள் யாரும் ஒரே நாளில் நிறுத்தியதாக நான் பார்க்கவில்லை. முதலில் இரவு, அப்புறம் மழை, அப்புறம் பைபாஸ், அப்புறம் காந்தி மார்க்கெட் பக்கம். கடைசியில் பால் பூத்தும் கோயிலும் மட்டும் மிஞ்சும். ஒரு நாள் அதற்கும் நடந்தே போய்விடுவார்கள். ஒவ்வொன்றையும் அவரே விட்டதால் யாரும் பிடுங்கியதாக இருக்காது. ஆனால் மேலே சொன்ன கேட் தூண் கோடும் வழி மறதியும் பகலிலேயே நடந்தால், இரவை மட்டும் விட்டுப் பயனில்லை.

கண்ணுல புரை ஆபரேஷன் பண்ணிட்டா மறுபடி ஓட்டலாமா?

பெரும்பாலும் ஓட்டலாம், டாக்டர் சரி என்று சொன்ன பிறகு. புரையால் எதிர்வெளிச்சம் சிதறிக் கண் கூசியவர்கள் ஆபரேஷனுக்குப் பிறகு, "ரோடு இவ்வளவு வெள்ளையாவா இருந்துச்சு?" என்று கேட்டிருக்கிறார்கள். புரை என்றாலே வண்டிக்கு முழுக்கு என்று நினைக்க வேண்டாம்.

கண் நீர் அழுத்த நோய், அதாவது குளுக்கோமா, வேறு கதை. அது நடுப்பார்வையை விட்டுவிட்டுப் பக்கவாட்டிலிருந்து தின்னும். நம்பர் பிளேட்டைத் தெளிவாகப் படிப்பார், சந்திலிருந்து வரும் சைக்கிள் தெரியாது. "திடீர்னு வந்துட்டான்" என்று அடிக்கடி சொல்பவர் பார்வைப் புல பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கண் ஆஸ்பத்திரிகளில் ஃபீல்டு டெஸ்ட் என்று கேட்டால் தெரியும். இழந்த பார்வை இதில் திரும்ப வராது.

சுகர் மாத்திரை சாப்பிடறேன். அதுக்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. இன்சுலின், கிளிமிபிரைடு போன்றவை சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடக்கூடியவை. மதியச் சாப்பாடு தள்ளிப்போய் டிராபிக்கில் மாட்டிக்கொண்டால் வியர்வை, நடுக்கம், அப்புறம் குழப்பம். பிரிட்டனில் இன்சுலின் போடும் ஓட்டுநர்களுக்குச் சொல்லும் ரத்தச் சர்க்கரைக் கணக்கு 5 மில்லிமோல், நம் அளவில் 90 மில்லிகிராம். அதற்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவருக்கு எந்தப் பெடலில் கால் இருக்கிறது என்பதே தெரியாது. அதிலும் ரப்பர் செருப்போடு கார் ஓட்டினால் செருப்பு பெடலுக்கு அடியில் சிக்கும்.

தூக்க மாத்திரை, சளிக்குக் கொடுக்கும் செட்டிரிசின், புராஸ்டேட்டுக்கான டாம்சுலோசின் ஆகியவையும் தூக்கமோ தலைசுற்றலோ தரலாம். புது மாத்திரை எழுதினால் "நான் வண்டி ஓட்டறேன்" என்று டாக்டரிடம் நீங்களாகச் சொல்லுங்கள். அவராக விசாரிக்க மாட்டார். நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

காரை விட்டுட்டு ஸ்கூட்டர் மட்டும் ஓட்டறேனே. சின்ன வண்டிதானே?

இதைத்தான் மிக அதிகமாகக் கேட்கிறார்கள், இதைத்தான் நான் கடுமையாக மறுக்கிறேன். அடுத்தவருக்கு வேண்டுமானால் ஸ்கூட்டர் சின்ன ஆபத்து. ஓட்டுபவருக்குக் காரைவிடப் பெரியது. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் ஏறத்தாழ 44 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். எழுபது வயதில் நின்ற இடத்தில் சாய்ந்து விழுந்தாலே இடுப்பு எலும்பு போய்விடும்.

அப்பாவுக்கு நடந்ததும் ஓடும்போது இல்லை. மாம்பழச் சாலை சிக்னலில் நின்றபோது இடது காலை ஊன்றினார், முழங்கால் தாங்கவில்லை, வண்டி மெதுவாகச் சாய்ந்தது. பின்னால் நின்ற காலேஜ் பையன் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான். யார் என்றே தெரியாது. அப்பா வீட்டுக்கு உருட்டிக்கொண்டே வந்து, வண்டியைத் துடைத்து, பழைய போர்வையைப் போட்டு மூடி, சாவியைக் காலண்டர் ஆணியில் மாட்டினார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில், "ஆட்டோக்காரர் நம்பர் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

பக்கச் சக்கரம் மாட்டிக்கலாமா? லைசென்ஸ் கேட்காத எலக்ட்ரிக் வண்டி வாங்கலாமா?

பக்கச் சக்கரம் கால் பலத்துக்கு உதவும். ஆனால் வண்டியின் அமைப்பை மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் பதிய வேண்டும். திரும்பும்போது பழைய பழக்கத்தில் உடம்பைச் சாய்த்தால் வண்டி ஒத்துழைக்காது, புதிதாகப் பழக வேண்டும்.

250 வாட்டுக்குள் மோட்டாரும் 25 கிலோமீட்டருக்குள் வேகமும் உள்ள எலக்ட்ரிக் வண்டிக்கு லைசென்சும் பதிவும் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் லைசென்ஸ் வேண்டாம் என்று சட்டம் சொன்னால் கண் வேண்டாம் என்று ஆகிவிடாது. எந்தக் காரணத்தால் பழைய வண்டியை விடுகிறீர்களோ, அதே காரணம் இதிலும் ஏறி உட்கார்ந்து வரும்.

நான் அமெரிக்காவுல இருக்கேன். அப்பாகிட்ட போன்ல எப்படிச் சொல்றது?

போனில் சொல்லாதீர்கள். வருஷத்துக்கு ஒரு முறை வந்து, ஜெட்லாக் தீர்வதற்குள், "இனிமே வண்டியைத் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போன பிள்ளைகள் பலர். அந்த அப்பாக்கள் மறுவாரமே ஓட்டத் தொடங்கிவிட்டார்கள். வரும்போது பத்து நாளும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போங்கள், ஒன்றும் சொல்லாதீர்கள். பிறகு நீங்கள் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். "உங்களுக்கு வயசாயிடுச்சுப்பா" என்றால் சண்டை. "நேத்து தென்னூர் ரோட்ல ஸ்பீடு பிரேக்கர் தெரியலையாப்பா? எனக்கு முதுகு தூக்கிப் போட்டுடுச்சு" என்றால் பேச்சு.

சில அப்பாக்கள் பிள்ளை சொன்னால் கேட்க மாட்டார்கள், டாக்டர் சொன்னால் கேட்பார்கள், அல்லது கூடப் படித்த நண்பர் சொன்னால். அது யார் என்று அம்மாவுக்குத் தெரியும். எதைச் சொல்வதற்கு முன்னாலும், நாளைக் காலையில் அவர் எப்படிப் போவார் என்பதற்கு ஏற்பாடு செய்துவிடுங்கள். அது இல்லாமல் பேசினால் நீங்கள் கேட்பது அவர் வீட்டுக்குள் உட்கார வேண்டும் என்பதைத்தான், அது அவருக்கு நன்றாகவே புரியும்.

சாவியை ஒளிச்சு வச்சுட்டோம். தப்பா?

புத்தி தெளிவாக இருப்பவரிடம் செய்தால் தப்புதான். டூப்ளிகேட் சாவி செய்து வந்துவிடுவார்கள், ஒருவர் செய்துவிட்டு என்னிடமே சிரித்துக்கொண்டு சொன்னார். அதற்கப்புறம் அவர் வீட்டில் யாரையும் நம்பவில்லை.

மறதி நோய் வந்தவரிடம் நிலைமை வேறு. இன்று ஒத்துக்கொண்டதை நாளை மறந்துவிடுவார், தன்னால் முடியவில்லை என்பதே அவருக்குத் தெரியாது. அங்கே வாதம் செய்வது வீண். வண்டியையே கண்ணில் படாமல் தம்பி வீட்டில் கொண்டுபோய் விடுங்கள், மனசாட்சி உறுத்த வேண்டாம்.

நிறுத்திட்டா வெளிய எப்படிப் போறது? ஆட்டோவுக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். தில்லை நகரில் ஒரு ஓய்வு பெற்ற வங்கி அதிகாரியோடு உட்கார்ந்து போட்டோம். இன்சூரன்ஸ், சர்வீஸ், பெட்ரோல், ஓடாமலே செத்துப்போன பேட்டரி எல்லாம் சேர்த்து அவருடைய காருக்கு வருஷம் 60,000 ரூபாய் போயிருந்தது. ஓடியது வாரத்துக்கு மூன்று முறை. மாதம் 5,000 ரூபாய்க்கு ஆட்டோவில் அதைவிட அதிகமாகவே போய் வரலாம். ஆனால் ஒன்று, பெரியவர்களுக்கு ஆட்டோவுக்கு எண்ணிக் கொடுக்கும் 100 ரூபாய் வலிக்கும், பெட்ரோலுக்குப் போன 500 வலிக்காது. அதனால் மாதத் தொடக்கத்தில் அந்தப் பணத்தைத் தனிக் கவரில் எடுத்து வைக்கச் சொன்னேன். செலவழித்தே தீர வேண்டும் என்பது நிபந்தனை.

செயலியில் வண்டி கூப்பிடுவது எல்லோருக்கும் வராது. தெரு முனை ஸ்டாண்டில் ஒரே ஆட்டோக்காரரைப் பழக்கம் பிடித்துக்கொள்வது நல்லது, மாடியிலிருந்து கட்டைப் பையை இறக்கித் தருவார். பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணம் இல்லை. சென்னையில் 60 வயது தாண்டியவர்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 இலவச டோக்கன் கிடைக்கும்.

வண்டி சும்மா நிக்கட்டுமே, ஏன் விக்கணும்?

யாராவது ஓட்டுவார்கள் என்றால் நிற்கட்டும். யாரும் இல்லையென்றால் அது தினமும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும், ஒரு நாள் அவசரத்துக்கு எடுத்துவிடுவார். விற்றால் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டதோடு விடாதீர்கள். 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். பெயர் மாறும்வரை பொறுப்பு உங்கள் தலையில்தான். காரென்றால் ஃபாஸ்டேகையும் மூடுங்கள். இல்லையென்றால் சமயபுரம் சுங்கச்சாவடியில் எவரோ கடந்ததற்கு உங்கள் பணம் போகும்.

வெளிநாட்டுல எல்லாம் எப்படிச் செய்யறாங்க?

பிரிட்டனில் 70 வயதில் லைசென்ஸைப் புதுப்பித்து, பிறகு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். எலிசபெத் அரசியின் கணவர் பிலிப் 97 வயதில், 2019 ஜனவரியில், விபத்தில் வண்டி கவிழ்ந்த பிறகுதான் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார். ஜப்பானில் 75 தாண்டியவர்களுக்குப் புதுப்பிக்கும்போது ஞாபக சக்திச் சோதனை உண்டு. 2019 ஏப்ரலில் தோக்கியோவின் இகேபுகுரோவில் 87 வயதுக்காரர் ஒருவரின் கார் மோதி ஓர் இளம் தாயும் மூன்று வயது மகளும் இறந்தார்கள். கார் கோளாறு என்று அவர் வாதாடினார். பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதித்தார் என்று நீதிமன்றம் சொல்லி ஐந்து வருஷம் சிறை கொடுத்தது. அந்த ஒரே வருஷத்தில் ஜப்பானில் 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் லைசென்ஸைத் தாங்களாகத் திருப்பிக் கொடுத்தார்கள்.

வண்டியை விட்டதிலேருந்து டல்லா உட்கார்ந்திருக்கார். என்ன செய்யறது?

எதிர்பார்க்க வேண்டியதுதான். ஓட்டுவதை நிறுத்திய முதியவர்களிடம் மனச்சோர்வு கூடுவதைப் பல நாட்டு ஆய்வுகளும் சொல்கின்றன. மருந்துக் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் எல்லோரும் கூட்டிப்போவார்கள். சும்மா நண்பரைப் பார்க்க, கடையில் காபி குடிக்க யார் கூட்டிப்போவது? வண்டி இருந்தபோது அதற்கு அவர் யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாரத்தில் ஒரு மாலையாவது எங்கே, எதற்கு என்று கேட்காமல் ஆட்டோவை வரச் சொல்லுங்கள். சாப்பாடு, தூக்கம் குறைந்து வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

எங்க வீட்ல அவர் மட்டும்தான் ஓட்டுவார். எனக்கு 61 வயசு. இப்பப் போய்க் கத்துக்க முடியுமா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு ரிட்டயர்டு டீச்சர். கணவர் நிறுத்தினால் இவரும் சேர்ந்து நின்றுவிடுகிறார் என்பதை அதுவரை நான்கூட யோசிக்கவில்லை. முதல் கேள்வியிலேயே சொன்னபடி, மேல் வரம்பு இல்லை. எல்.எல்.ஆர். எடுத்துவிட்டுக் கியர் இல்லாத காரில் பழகினார். இளைஞர்களுக்கு ஆகும் நாளைவிட இரண்டு மடங்கு ஆனது, நிதானமும் இரண்டு மடங்கு. முதல் முறை டெஸ்டில் போய்விட்டது, இரண்டாவது முறை வாங்கிவிட்டார்.

இப்போது கணவர் பக்கத்து சீட்டில். "ஹாரன் அடி, ஹாரன் அடி" என்று சொல்லிக்கொண்டே வருகிறாராம். அதற்கு ஏதாவது வழி இருக்கிறதா என்று டீச்சர் போன வாரம் கேட்டார். அது என் பாடத்திட்டத்தில் இல்லை.